யாருக்கும் சொல்லத் தெரியாத கண்

அது பொய். பிரான்சிஸ்கா எவனுடைய குடும்பத்துக்குள்ளும் நுழையவில்லை. பெரகலைக்காரி அங்கம்மா குழாயடியில் நின்று தலையில் அடித்துக்கொண்டு கத்தினதை நீங்கள் நாலு பேர் கேட்டீர்கள், சந்து முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தீர்கள். பெண்சாதி செத்தவனுடைய படத்தில் பெண்சாதியாகத் தன்னையே எழுதி வைத்தாளாம், பிறகு அவன் பின்னாலேயே போய்விட்டாளாம். படத்தில் எழுதினாள், அது உண்மை. அவன் பின்னால் போனாள் என்பது பொய். உண்மை எவ்வளவு, பொய் எவ்வளவு என்று நான் சொல்கிறேன். வெற்றிலையைப் போட்டுக்கொண்டு குறுக்கே பேசாமல் கேளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிற பிள்ளைக்கும் சொல்லிவிட்டேன், நான் சொன்னதை அழகுபடுத்தாமல் போடு என்று.

அவள் என் புருஷன் எட்வர்ட்டின் தங்கை. அண்ணன், தங்கை இருவரும் பிறந்தது நமுனுகுல மலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து லய வரிசையில். தாய் தகப்பன் போன பிறகு எட்வர்ட் தையல் பழகி, பதுளை டவுனில் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் இந்தச் சந்தில் வீடு எடுத்து, தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தார். நான் கல்யாணம் கட்டி வந்தபோது அவள் பாவாடை தாவணி போட்ட குமரி. மெலிந்த உடம்பு. முகத்தில் கண்தான் முதலில் தெரியும். எதிரே இருப்பவரைப் பார்க்கிறாளா, அவர் தோளுக்குப் பின்னால் வருகிற யாரையோ பார்க்கிறாளா என்று சொல்ல முடியாத பார்வை. வந்த புதிதில் நான் அடிக்கடி திரும்பிப் பார்ப்பேன். பின்னால் யாரும் இருக்கமாட்டார்கள்.

லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறைக்குள், சுவர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கடைக்காரர் கொடுத்த பழைய கலண்டர்தான் சுவருக்கு அலங்காரம். அடுப்புப் புகையில் அது கறுத்துப்போனால் அதன் மேலேயே அடுத்த வருஷத்துக் கலண்டரை ஒட்டுவார்கள். சின்ன வயதில் அவள் அந்தப் படங்களைச் சும்மா விட்டதில்லையாம். சீமைத் துரைசாணி ஒருத்தி பூந்தோட்டத்தில் நிற்கிற படம். அவள் இடுப்பில் அடுப்புக்கரியால், கொழுந்து பறிக்கிறவர்கள் கட்டுகிற படங்குச் சாக்கைக் கட்டிவிட்டு, முதுகில் கொழுந்துக் கூடையையும் மாட்டிவிட்டாள். தாய் விறகுக் கட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள். தகப்பன்தான் தடுத்தாராம்.

"அடிக்காத புள்ள. இம்புட்டு நாளும் இந்தத் துரைசாணி நம்மளப் பாத்து மொறைச்சுக்கிட்டுல்ல நின்னா. இப்பத்தான் நம்ம ஆளு மாதிரி இருக்கா. நாளைக்குக் காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்கு இவளையும் கூட்டிக்கிட்டுப் போ."

ஒரு சங்கதி சொல்கிறேன். வெறும் கடதாசியில் அவள் ஒரு கோடு கூடப் போடமாட்டாள். நான் ஒருமுறை நல்ல வெள்ளைத் தாள் வாங்கிக் கொடுத்தேன். அதைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"இதுல யாருமே இல்லையே அண்ணி. நான் யாரத் திருத்துறது?" என்றாள்.

அவளுக்கு ஏற்கெனவே ஒருவர் நிற்க வேண்டும். அவர் பக்கத்தில் இன்னொருவரைக் கொண்டுவந்து நிறுத்துவதுதான் அவளுடைய வேலை.

டவுனில் படம் பிடிக்கிற புவாத் நானாவின் ஸ்டூடியோவுக்கு அவள் போனது ஒரு கோட்டுச் சட்டையால். அந்த ஸ்டூடியோவில் ஒரே ஒரு கறுப்புக் கோட்டு இருந்தது. ஊவாச் சீமையில் பாதி ஆம்பிளைகள் அதற்குள் நின்று படம் பிடித்திருக்கிறார்கள். ஒல்லியானவனுக்கு முதுகில் ஊசி குத்துவார்கள், தடித்தவனுக்குப் பின்பக்கம் பிரித்துவிடுவார்கள். அது கிழிந்து கிழிந்து எட்வர்ட்டின் மெஷினுக்கு வரும். தைத்த கோட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போனவள், அங்கே கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் பஞ்சால் வர்ணம் பூசுவதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள். வர்ணம் பூசுகிறவர் அந்த மாதம் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட, புவாத் நானா எட்வர்ட்டிடம் வந்து கேட்டார்.

நானா ஒரு விதமான மனுஷர். ஊருக்கெல்லாம் படம் பிடிப்பார், தன் வீட்டில் ஒரு படம் தொங்கவிடமாட்டார்.

"வீட்டுல உருவப்படம் தொங்கினா வானத்துலருந்து மலக்குமார் எறங்கி வரமாட்டாங்க புள்ள" என்பார்.

"அப்ப கடையில, நானா?" என்று இவள் கேட்பாள்.

"கடைக்கு கஸ்டமர் வந்தாப் போதும்."

அப்போது இந்திய ஒப்பந்தம் வந்து கொஞ்ச காலம். தோட்டத்து ஆட்களில் இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் இலங்கைக்கு என்று இரண்டு நாட்டிலும் பெரியவர்கள் பேசிப் பிரித்துவிட்டார்கள். எந்தப் பக்கம் எழுதிக்கொடுத்தாலும் படம் வேண்டும். பிறந்ததிலிருந்து தன் முகத்தைப் பீலியடியில் தேங்கின தண்ணீரில் பார்த்ததோடு சரி என்று இருந்த சனம், லொறி லொறியாக வந்து ஸ்டூடியோ வாசலில் நின்றது. பள்ளத்திலிருந்து வந்தவர்கள், அப்புத்தளைப் பனியிலிருந்து கம்பளியோடு வந்தவர்கள், எல்லோரும் அந்த ஒரே கோட்டுக்குள் போய் வெளியே வந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு கிழவர் வந்தார். எழுதிக்கொடுக்கிற படத்துக்காக வரவில்லை. பிள்ளைகளோடு இந்தியாவுக்குப் போகப்போகிறார். அவருடைய பெண்சாதி ஒப்பந்தம் வருவதற்கு முன்பே செத்து, தேயிலைக்குள் புதைத்தாயிற்று. உயிரோடு இருந்தபோது அவளைப் படம் பிடித்தவர் யாரும் இல்லை.

"குழிய எடுத்துக்கிட்டுப் போக முடியாதுங்க மொதலாளி" என்றார் கிழவர். "படத்துலயாவது அவளக் கூட்டிக்கிட்டுப் போறேன். எங்க எல்லாரோடயும் நிக்கிற மாதிரி ஒண்ணு வேணும்."

"புடிக்காத ஆளை நான் எங்க போய்ப் புடிக்க?" என்று நானா கையை விரித்தார்.

உள்ளே இருந்து இவள் எழுந்து வந்தாள். "தாத்தா, உங்க மக இருக்காங்களா? பாட்டியோட கூடப் பொறந்தவங்க யாராச்சும்? கூட்டிக்கிட்டு வாங்க" என்றாள்.

வந்தார்கள். மகளை ஒரு படம், தங்கச்சியை ஒரு படம், பேத்தியை ஒரு படம். மகளுடைய படத்திலிருந்து நெற்றி, தங்கச்சியிடமிருந்து தாடை, பேத்தியிடமிருந்து உதடு. வெட்டி, ஒட்டி, ஒட்டின தடம் தெரியாமல் மேலே தீட்டி, மூக்குத்தி இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கேட்டு, காதில் தண்டட்டி போட்டு, அந்த முகத்தைக் குடும்பப் படத்தின் நடுவில் வைத்து, நானா அதை மறுபடி படம் பிடித்துப் பெரிதாக்கிக் கொடுக்க, அதற்கு வர்ணம் பூச வேண்டும். இதுதான் அவளுடைய வித்தை. இல்லாததை அவள் உண்டாக்கவில்லை. சிதறிக் கிடந்ததைக் கூட்டி ஓர் இடத்தில் வைத்தாள்.

எல்லாம் சரியாக வந்தது. கண்ணில் வந்து நின்றது.

"பாட்டி எப்படிப் பாப்பாங்க தாத்தா?"

"நல்லாத்தான் பாப்பா."

"கோவம் வந்தா?"

"கோவம் வந்தா நான் எங்கிட்டு அவ மூஞ்சப் பாத்தேன், ஆயி? அதுக்குள்ள காட்டுப்பக்கம் ஓடிருவேன்ல."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் ஒருவராலும் கண்ணைச் சொல்ல முடியவில்லை. மூக்கு, மச்சம், உடைந்த பல், எல்லாம் சொல்கிறார்கள். பெற்றவள் எப்படிப் பார்த்தாள் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். நீங்களும் யோசித்துப் பாருங்கள், உங்களாலும் முடியாது. நம்மைப் பார்த்த கண்ணை நாம் பார்க்கிறதில்லை.

அன்று பின்னேரம் முழுக்க அவள் அந்தக் கண்ணில்லாத படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கடைசியில், படம் பிடிக்க வருகிறவர்கள் தலை சீவுவதற்கு வைத்திருந்த கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்தில் சாய்த்து, தன் கண்ணைப் பார்த்து அந்த முகத்தில் வைத்தாள். எனக்கு அதை அவளே சொன்னாள். "வேற யாரு கண்ண எடுக்கிறது அண்ணி? உசிரோட இருக்கவங்க கண்ணுல கேக்காம கை வைக்கலாமா? என்னோடதுன்னா எனக்குக் கோவம் வராது" என்றாள்.

கிழவர் படத்தை வாங்கிப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார், ஏதோ கோயிலுக்குள் வந்துவிட்டவர் போல.

"இவதான்" என்றார். "கட்டிக்கிட்டு வந்த புதுசுல இப்படித்தான் பாப்பா. நான் மறந்தே போயிட்டேன்."

அந்தப் படம் இந்தியாவுக்குப் போனது. அதற்குப் பிறகு எத்தனை என்று நான் எண்ணவில்லை, அவளும் எண்ணவில்லை. மலைக்கு மலை செய்தி போய்விட்டது. பதுளையில் ஒரு குமரி இருக்கிறாள், படம் பிடிக்காமல் செத்தவர்களைப் படத்துக்குக் கூட்டி வருகிறாள் என்று. பிரசவத்தில் போனவள், மண் சரிந்து போனவன், காய்ச்சலில் போன பிள்ளை, பஞ்ச காலத்தில் மரவள்ளிக் கிழங்கு தேடிப் போய் வழியில் விழுந்தவர், எல்லோரும் அவள் மேசைக்கு வந்தார்கள். போகிறவர்களுக்கு மட்டுமில்லை, இருக்கிறவர்களுக்கும்தான். அண்ணன் இந்தியாவுக்கு, தம்பி இலங்கைக்கு என்று பிரிந்த குடும்பத்தில், போனவனுடைய தனிப்படத்தைக் கொண்டுவந்து, "இவன எங்களோட நிக்க வச்சிருங்க" என்பார்கள். வைப்பாள்.

ஸ்டூடியோத் திரைச்சீலையில் ஓர் அரண்மனையும் இரண்டு அன்னமும் இருக்கும். அவள் கைக்கு வந்த படத்தில் அந்த அரண்மனை மறைந்துபோகும். அந்த இடத்தில் நமுனுகுலவின் தோள் தெரியும், முன்னால் பனி இறங்கியிருக்கும். பாதம் தெரியாது. செத்தவளும் பிறந்தவனும், பேரனும் அவனைக் காணாமலே போன பாட்டியும், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனும் இந்தப் பக்கம் இருக்கிறவளும் ஒரே பனிக்குள் தோளோடு தோள் நிற்பார்கள்.

"எதுக்குடி இம்புட்டுப் பனி?" என்று கேட்டேன்.

"பனியப் போட்டுட்டா யாரு எந்த வருசத்துல நிக்கிறாங்கன்னு தெரியாது அண்ணி. எல்லாரும் இப்பத்தான் வீட்டுலருந்து எறங்கி வந்த மாதிரி இருக்கும்."

எனக்கு அந்தப் படங்களைப் பார்த்தால் தூக்கம் வருகிற மாதிரி இருக்கும். கெட்ட தூக்கமில்லை. மழை நாளில் அடுப்படியில் குந்தியிருந்தால் ஒரு கிறக்கம் வருமே, அது. எல்லாப் படத்திலும் யாராவது ஒருத்தி என்னைப் பார்க்காமல் என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

தெரிந்தவர்கள் போகிறபோது வழியனுப்ப நானும் ஸ்டேஷனுக்குப் போவேன். இந்தியக் கப்பல் ஏறத் தலைமன்னாருக்குப் போகிற கோச்சி. ஒப்பாரிச் சத்தத்தில் எஞ்சின் சத்தம் கேட்காது. பெட்டி, சட்டி, அம்மி எல்லாம் ஏற்றுவார்கள். படத்தை மட்டும் ஏற்றமாட்டார்கள், மடியில் வைத்துக்கொள்வார்கள். மழையில் கண்ணாடியெல்லாம் வழிந்துகொண்டிருக்கும். கோச்சி நகரும்போது பெட்டிக்குப் பெட்டி யாரோ ஒருவர் மடியில் என் நாத்தனாரின் கண் போகும். வீட்டில் அடுப்பூதிக்கொண்டிருப்பவள், காணாத சீமைக்கு அத்தனை பேரோடு போய்க்கொண்டிருப்பாள். இதை நான் கனவிலும் கண்டிருக்கிறேன், விழித்துக்கொண்டும் கண்டிருக்கிறேன். எது எப்போது என்று இப்போது பிரிக்கத் தெரியவில்லை.

கல்யாணம் இரண்டு இடத்திலிருந்து வந்தது. தட்டிக் கழித்தாள். எட்வர்ட் கோபப்பட்டார். "ஊரு ஒலகத்துக் குடும்பத்துல எல்லாம் போயி நிக்கிற, ஒனக்குன்னு ஒரு குடும்பம் வேணாமா?" என்றார். சிரித்துக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது மாணிக்கராஜுக்கு வருகிறேன். குழாயடியில் காத்துக்கொண்டிருந்தீர்களே, இதுதான்.

மாணிக்கராஜ் நமுனுகுலப் பக்கத் தோட்டத்தில் தேயிலை ஸ்டோரில் வேலை. சாது. அவன் பெண்சாதி லெட்சுமி, அற்புதமலர் என்ற கைக்குழந்தையை விட்டுவிட்டு மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அவள் பக்கத்து ஆட்கள் எல்லோரும் முதலிலேயே இந்தியாவுக்குப் போனவர்கள். முகம் எடுக்க ஒருத்தரும் இல்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூடியோவில் உட்கார்ந்திருந்தான். பிரான்சிஸ்கா அந்தப் பச்சைப்பிள்ளை முகத்தைப் பார்த்துப் பார்த்து, அதைப் பெரியவளாக்கி, ஒரு தாயை எடுத்தாள். வழக்கம்போலத் தன் கண்ணை வைத்தாள். மற்றப் படங்களில் பத்துப் பேர் முகத்துக்குள் அந்தக் கண் கரைந்துபோகும். இந்தப் படத்தில் கரைய இடமில்லை. கண்தான் நிறைய இருந்தது. அவன் அதைக் கொண்டுபோய் மாலை போட்டு, மாட்டி வைத்தான். அந்தப் பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்து பள்ளிக்கூடம் போகிற வயதுக்கு வந்துவிட்டது. அவ்வளவு காலம் அவன் இந்தச் சந்துப் பக்கம் வந்ததும் இல்லை, இவள் அந்தத் தோட்டத்துப் பக்கம் போனதும் இல்லை. இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிறகு அவனுக்கு இரண்டாம் கல்யாணம் பேசினார்கள். பெரகலைச் சந்தியில் காய்கறி போடுகிற அங்கம்மாவின் மகள். அங்கம்மா மாப்பிள்ளை வீடு பார்க்கத் தோட்டத்துக்குப் போனாள். வீட்டைப் பார்த்தாள், மாலை போட்ட படத்தையும் பார்த்தாள். போகட்டும், செத்தவளுக்கு மாலை போடாமல் என்ன செய்வது என்று, பொட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டும் வந்தாள். மறுநாள் திரும்புகிற வழியில் பதுளையில் இறங்கி, மகளுக்குக் கல்யாண ரவிக்கை தைக்க அளவு ரவிக்கையோடு யாரிடம் வந்தாள் தெரியுமா? எட்வர்ட்டிடம். பதுளையில் வேறு தையல்காரரே இல்லாத மாதிரி.

முன்னறையில் உட்கார வைத்தோம். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பிரான்சிஸ்காதான் தேத்தண்ணி கொண்டுபோனாள். கிளாஸை நீட்டி, "எடுத்துக்குங்க" என்றாள்.

அங்கம்மா நிமிர்ந்தாள். அடுத்தது எனக்குக் கேட்டது கிளாஸ் உடைந்த சத்தமும் ஒரு அலறலும்.

"ஐயோ! செத்தவ தேத்தண்ணி கொண்டாறா!"

நான் ஓடி வந்து பார்த்தால் அந்தப் பொம்பிளை எட்வர்ட்டின் தையல் மெஷினுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு, "நேத்துத்தான ஆயி ஒன்னயக் கும்புட்டேன், ஒம் புருசன நாங்க கேக்கல, நீயே வச்சுக்க!" என்று கும்பிடுகிறாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தேன். தண்ணீர் தெளித்து, விசிறி, இது என் நாத்தனா, உசிரோடதான் இருக்கிறாள், கையைத் தொட்டுப் பாருங்கள் என்று தொடவும் வைத்தேன்.

தொட்டுப் பார்த்தாள். கை சூடாக இருந்தது. பயம் போனது. பயம் போன இடத்துக்குச் சந்தேகம் வந்தது.

"உசிரோட இருக்காளா?" என்று இடுப்பில் கை வைத்தாள். "உசிரோட இருக்கவ படத்த வச்சு, மால போட்டு, பொண்டாட்டின்னு கும்புடுறானா அந்த ஆளு? அப்ப இவ யாரு அவனுக்கு? கட்டாத பொண்டாட்டியா? எம் மவளச் சமைச்சுப்போடக் கேட்டாங்களா?"

அங்கிருந்து நேராகக் குழாயடி. மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

அதோடு நின்றதா? தோட்டம் தோட்டமாகப் பேச்சுப் போனது. ஆட்கள் வீட்டுக்குள் போய்த் தங்கள் தங்கள் படத்தை உற்றுப் பார்த்தார்கள். அம்மாவின் கண்ணும் பாட்டியின் கண்ணும் அக்காளின் கண்ணும் ஒன்று போல இருப்பது அப்போதுதான் தெரிந்தது. படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி வந்து, இவளை வாசலுக்கு வரச்சொல்லி, பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்கள். வெயிலில் நின்று, திரும்பு என்றால் திரும்பி, நிமிர் என்றால் நிமிர்ந்து அவளும் காட்டினாள். சிலர் காறித் துப்பினார்கள். இத்தனை வருஷமாகத் தையல்காரன் தங்கச்சியையா கும்பிட்டோம் என்று கேட்டார்கள். ஒருத்தி சண்டைக்கு வந்தவள், இவளைப் பார்த்துக்கொண்டே நின்று, தன் மகனுக்கு வேலை கிடைத்ததை இவளிடம் சொல்லிவிட்டு, அழுதுகொண்டு போனாள். புவாத் நானா வந்து, "கொஞ்ச நாளைக்கிக் கடைப் பக்கம் வராத புள்ள, சனம் அடங்கட்டும்" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

எட்வர்ட்டுக்கு மானம் போய்விட்டது. வேதக் கோயிலில் பாட்டுக்கு முன்வரிசையில் நிற்கிறவர், பின்னால் போய் நின்றார். கடைசியில் அங்கம்மா ஒரு வழி சொல்லி அனுப்பினாள். அந்தப் படத்தை எல்லோருக்கும் முன்னால் கொண்டுவந்து வைத்து, அந்தக் கண்ணை அழித்துவிட்டு, வேறு கண் எழுத வேண்டும். எழுதினால் கல்யாணம் நடக்கும், அவளும் பேசினதைத் திருப்பி வாங்கிக்கொள்வாள்.

"எழுதிருவா" என்று எட்வர்ட் வாக்குக் கொடுத்துவிட்டார். தங்கையிடம் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் வந்தார்கள். மாணிக்கராஜ் படத்தைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்தான். கூடவே அந்தப் பிள்ளை அற்புதமலர். அங்கம்மா கதவோரம் கதிரை போட்டு உட்கார்ந்தாள். எட்வர்ட் மேசையை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டார். படத்தைக் கண்ணாடிச் சட்டத்திலிருந்து கழற்றி வைத்தார்கள். பிரான்சிஸ்கா தூரிகையை நனைத்து, வாயில் வைத்து நுனியைக் கூராக்கினாள். அவள் அழிக்கத்தான் உட்கார்ந்தாள், அதையும் சொல்லிவிடுகிறேன். அண்ணனுக்காக உட்கார்ந்தாள்.

அந்தப் பிள்ளை மேசைக்கு வந்து, இவளையும் பார்த்தது, படத்தையும் பார்த்தது.

"என்னப்பா செய்யப்போறாங்க?"

"அந்த அக்கா கண்ணு அதுல இருக்காம். அத எடுத்துட்டு வேற வைக்கணும்" என்றான் மாணிக்கராஜ்.

"இது அந்த அக்கா கண்ணு இல்ல" என்றது பிள்ளை. அழவில்லை, பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னது. "இது எங்கம்மா கண்ணு. எங்கம்மாவோடதத்தான் அந்த அக்கா வச்சிருக்காங்க."

வெளியே மழை பிடித்திருந்தது, ஓட்டில் விழுகிற சத்தம் மட்டும். பிரான்சிஸ்கா தூரிகையைப் பிடித்தபடியே அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோளுக்குப் பின்னால் இல்லை. நேரே அந்தப் பிள்ளையை. நான் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் ஒருவரை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

தூரிகையைத் தண்ணீரில் போட்டாள்.

"மாட்டேண்ணே" என்றாள்.

"என்ன மாட்டே? நான் வாக்குக் குடுத்துட்டேன்."

"அது அந்தப் புள்ளையோட சாமான். நான் எப்படித் தொடுறது?"

அங்கம்மா எழுந்தாள். "இந்தக் கண்ணுக்குக் கீழ எம் மவ குடித்தனம் பண்ணமாட்டா. நீயே வச்சுக் கும்புடு" என்று மாணிக்கராஜிடம் சொல்லிவிட்டுக் குடையை விரித்தாள்.

அவன் படத்தை மறுபடி துவாயில் சுற்றினான். "புள்ளைக்கு ஒரு அம்மா வேணும்னுதாங்க கல்யாணம் பேசினேன்" என்றான், யாரையும் பார்க்காமல். "அம்மா இருக்குன்னு அது சொல்லுது. நான் என்னத்தச் செய்ய?" பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு பசறை பஸ்ஸுக்குப் போனான். அதற்குப் பிறகு இந்த வாசலை அவன் மிதிக்கவில்லை.

எட்வர்ட் தங்கையைப் பார்த்துச் சொன்னார்: "ஒண்ணு அத அழிச்சுக் குடு. இல்லாட்டி இந்த வீட்டுல இருந்துக்கிட்டு என் தலையக் குனிய வைக்காத."

அவள் இராமுழுக்க யோசித்தாளா, தூங்கினாளா, தெரியாது. விடிந்து நான் அடுப்பு மூட்டுகிறபோது அவள் குளித்து, சேலை கட்டி, வர்ணக்குப்பிகளை ஒரு பிஸ்கட் தகரப் பேணியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கடி?"

"அப்புத்தளைக்கு அண்ணி. மொதல்ல அங்கிட்டு. பெறகு ஒவ்வொரு தோட்டமா."

"போயி?"

"படம் இருக்கிற வீட்டுக்கெல்லாம் போறேன். வாசல்ல நின்னு, படத்தக் காட்டி, இது யாருன்னு கேப்பேன். பிரான்சிஸ்கான்னு சொன்னாங்கன்னா அங்கேயே ஒக்காந்து அழிச்சுக் குடுத்துருவேன். எங்கம்மான்னு சொன்னா விட்டுட்டு வந்துருவேன். அவங்க இம்புட்டுத் தூரம் பஸ்ஸேறி வந்து என்னயப் பாக்க வேணாம்."

"இந்தியாவுக்குப் போனதுக்கெல்லாம்?"

பேணி மூடியை அழுத்தி மூடினாள். "அங்க என்னையத் தெரியாதுல்ல அண்ணி. அங்க அவங்க அவங்களாத்தான் இருப்பாங்க" என்றாள்.

தேத்தண்ணி கொடுத்தேன். நின்றுகொண்டே குடித்தாள். முன்னறையில் எட்வர்ட் மெஷினில் உட்கார்ந்திருந்தார். கால் மிதித்துக்கொண்டிருந்தது, ஊசிக்குக் கீழே துணி இல்லை.

"மழ வரும். குடைய எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு" என்றார் என்னிடம். அவள் மூன்று அடி தள்ளி நிற்கிறாள், என்னிடம் சொல்கிறார்.

"எடுத்துட்டேன்னு சொல்லுங்க அண்ணி" என்றாள் அவள்.

பேணியை ஒரு கையிலும் குடையை மற்றக் கையிலும் வைத்திருந்தாள். கதவைத் திறக்கக் கையில்லை. அண்ணன் தங்கையைப் பிடித்துத் தள்ளினார் என்று பேசுகிறவர்களுக்குச் சொல்கிறேன், தாழ்ப்பாளை எடுத்தது நான். போகாதே என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இப்போது அவள் வந்து கேட்டாலும் அப்படிச் சொல்லமாட்டேன்.

"போயிட்டு வர்றேன் அண்ணி."

"சாப்புட்டுக்க. பனியில நிக்காத."

சந்தில் இறங்கி இடது கைப் பக்கம் திரும்பினாள். மாணிக்கராஜின் தோட்டத்துக்குப் போகிற பசறை பஸ் நிற்பது வலது கைப் பக்கம். அப்புத்தளை பஸ் இடது பக்கம். உங்களில் யாருக்காவது கை தெரியாது என்றால் வாசலுக்கு வாருங்கள், காட்டுகிறேன்.

பால்கார மாடசாமி அப்போதுதான் வாளியோடு வந்தான். அவள் போகிற திசையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தான். வாய் நமநமவென்றது அவனுக்கு.

"என்னக்கா, ஒங்க நாத்தனா காலங்காத்தால எங்க போகுது?"

"வேலைக்குப் போகுது" என்றேன். "பால ஊத்து."